சைபர் தசம் மூன்று இரண்டு

வெள்ளி பின்னேரம் நிறுத்தினால்
திங்கள் காலை செத்திருக்கும்.
திறப்பைத் திருப்பப் பல்லி சொல்வதுபோல் ஒரு 'டிக்'.
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
மூன்று திங்கள், கொக்குவிலில் இருந்து கிளினிக்குக்கு
சைக்கிளில் போனேன்,
தடுப்பூசிப் பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு.

வைத்தியம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை.
பற்றறி பழசு என்றார்கள்.
முப்பத்தோராயிரம் கொடுத்துப் புதுசு போட்டேன்.
அதுவும் செத்தது.
ஒல்ரனேற்றர் என்றார்கள்.
ஓடும்போது பார்த்தால் பதினாலு தசம் இரண்டு வோல்ற்,
ஒரு குறையும் இல்லை.
முன்வீட்டு இராசபூபதி அக்கா மட்டும்
சனி பின்னேரம் தானே வந்து
பின்சக்கரத்தின் கீழ் ஒரு தேசிக்காய் வைத்தார்.
கண்ணூறாம்,
ஒரு பழைய அல்ரோவுக்கு.

பூசை முடிந்து, பூசைச் சட்டையோடு எமில் வந்தான்.
மைனஸ் வயரைக் கழற்றி இடையில் மீற்றரை வைத்தான்.
கதவைத் திறந்து விட்டு, பூட்டின் நாக்கை மட்டும்
ஸ்குரூ ட்ரைவரால் அழுத்தினான்,
எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள் என்று
கார் நம்புவதற்கு.
"பொறுங்கோ அக்கா. நித்திரை கொள்ளட்டும்."

இது எனக்குத் தெரிந்த வேலை.
அழுகிற பிள்ளையின் மூச்சை எண்ணக்கூடாது;
உறங்கவிட்டு, வயிற்றைப் பார்த்து,
ஒரு நிமிடம் முழுதாய் எண்ண வேண்டும்.

அரை மணித்தியாலம்.
உறங்கவில்லை அது.
சைபர் தசம் மூன்று இரண்டு என்று நின்றது அம்பியர்.
கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன்:
அறுபது மணித்தியாலத்தில்
பற்றறியின் பாதிக்கு மேல் போய்விடும்.

அவன் பியூசுகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினான்.
நான் மீற்றரைப் பார்த்துச் சொன்னேன்.
மாறேல்லை.
மாறேல்லை.
ஹோர்ன், மாறேல்லை.
பிறேக் லைற், மாறேல்லை.
வெயில் மதிலைத் தாண்டி என் முதுகுக்கு வந்தது.
பதினோராவதைப் பிடுங்க
விழுந்தது: சைபர் தசம் சைபர் மூன்று.

உள்விளக்கு, குளிர்ந்துதான் கிடந்தது.
ரேடியோவைக் கழற்றினோம், அதுவும் இல்லை.
டாஷ்போட்டுக்குள் தலையை விட்ட எமில்
அங்கிருந்தே கேட்டான்:
"இந்த வயருக்கு ஏன் வேற நிறத்தில ரேப்?"

நெருப்புப்பெட்டி அளவு ஒரு கறுப்புப் பெட்டி.
பச்சையாய் ஒரு சின்ன வெளிச்சம்.

விற்ற சுன்னாகத்து விக்கினராசாவுக்கு எடுத்தேன்.
"ஓ, அது லீசிங்காரர் பூட்டினது.
கடைசித் தவணை கட்டி ரெண்டு வரியம், தங்கச்சி.
கழட்டிப்போட்டினம் எண்டெல்லோ நினைச்சன்."

ஆனைக்கோட்டையில் ஒரு பிள்ளை.
வாகனம் வாசலில் நின்றால் சனம் கேட்கும் என்றாள்.
ஏழு மாதமாய் இரண்டு ஒழுங்கை தள்ளி நிறுத்தி
இருட்டில் நடந்து போனேன்.
நிறுத்திய இடம், நின்ற நேரம்,
திரும்பிய நேரம் எல்லாம் இது சொல்லியிருக்குமா?
யாருக்கு?

"சிம் செத்துப்போச்சக்கா," என்றான் எமில்,
என் முகத்தைப் பார்த்துவிட்டு.
"கேக்க ஆளில்லை. அதாலதான் இவ்வளவு குடிச்சிருக்கு.
விடிய விடிய சிக்னல் தேடி."

வெட்டினான். முனைகளைத் தனித்தனியே சுற்றினான்.
பெட்டி என் உள்ளங்கையில் இருந்தது, சற்றே சூடாக.
கறன்ற் இல்லாமலும் கண்ணைச் சிமிட்டியது.
உள்ளே தனக்கென்று ஒரு குட்டிப் பற்றறி.
தேத்தண்ணி கொதிக்கும்வரை
இங்கே, இங்கே, இங்கே என்றது.
பிறகு விட்டது.

பியூசைத் திரும்பப் போட்டும்
மீற்றரில் அதே தசம் சைபர் மூன்று.
"அதையும் நிப்பாட்ட ஏலாதா?"
"அது மணிக்கூடும் ரேடியோவின்ர ஞாபகமும்.
அவ்வளவு தேவை."
காசு வாங்கவில்லை. தேத்தண்ணி குடித்தான்,
சட்டையில் கிறீஸ் பட்டதற்கு மனிசி ஏசும் என்று சொல்லிப் போனான்.

இந்தத் திங்கள் ஆறே முக்கால்.
திறப்பு, ஒரே திருப்பு.
எஞ்சின் உறுமிய சத்தத்தில் காகங்கள் எழும்பின.
றிவேர்சில் எடுக்கச் சளக் என்று
தேசிக்காய் நசிந்தது.

மதிலுக்கு மேலால் இராசபூபதி அக்கா,
கையில் பல்லுத் தூரிகையோடு:
"பாத்தியே?"